அடக்கிப் பழகிய உடம்பு

1

போன வாரம் என் மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய தசைப் பயிற்சி முடிந்து ஓராண்டு ஆகிவிட்டதாம். தாயும் சேயும் நலமா என்று விசாரித்திருந்தார்கள். எனக்கு நாற்பது வயது. மீசை இருக்கிறது. என் மனைவி சாந்தி கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

விஷயம் இதுதான். இடுப்புக்கு அடியில், தொட்டில் துணி மாதிரி ஒரு தசை இருக்கிறது. சிறுநீர்ப்பையையும் குடலையும் அதுதான் தாங்குகிறது. மன அழுத்தத்தில் சிலருக்கு அது இறுகிப்போய்த் திறக்க மறுக்கும். அதை இளக்குவதற்கென்று இங்கே அமெரிக்காவில் உடற்பயிற்சி சிகிச்சை இருக்கிறது. பெரும்பாலும் பிள்ளை பெற்ற பெண்கள் போவது. ஆணும் போகலாம் என்பது காப்பீட்டுக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. "இந்தச் சிகிச்சை பெண்களுக்கானது" என்று இரண்டு முறை நிராகரித்தார்கள். மூன்றாவது முறை யாரோ ஒரு புண்ணியவான் பிரசவித்தவர்கள் பட்டியலில் என்னைச் சேர்த்து அனுமதி கொடுத்துவிட்டான்.

ஊரில் இருப்பவர்கள் படிப்பதற்காக இதை எழுதுகிறேன். எழுத உட்கார்ந்ததிலிருந்து மூன்று தடவை எழுந்து ஜன்னல் வரை போய் வந்துவிட்டேன். பழைய வழக்கம், இன்னும் முழுதாகப் போகவில்லை. கொஞ்சம் வெட்கமும்தான்.

2

2001 கடைசியில் ஆரம்பித்தது. நியூ ஜெர்சியில் நான் வேலை பார்த்த கம்பெனியில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் விசா அந்த வேலையோடு முடிச்சுப் போட்டது. வேலை போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மகள் நிலாவுக்கு அப்போது ஐந்து வயது. வெள்ளிக்கிழமை காலையில் மேனேஜர் என் இருக்கையைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு ஒன்றுக்கு வரும். போனால் நாலு சொட்டு. திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி வரும்.

பிறகு வலி வந்தது. சைக்கிள் சீட்டில் உட்காரும்போது அழுந்துமே, அந்த இடத்தில். நாற்காலியில் அரைமணி உட்கார முடியாது. மீட்டிங்கில் கதவோரம் நின்றுகொள்வேன். பஸ்ஸில் இடம் இருந்தாலும் நிற்பேன். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன், அது எரிச்சலைக் கூட்டியது. இரவில் சாந்தியிடமிருந்து விலகிப் படுத்தேன். அவள் ஒரு மாதம் பார்த்தாள். பிறகு, "என்னங்க, என் மேல என்ன தப்பு?" என்று கேட்டுவிட்டாள். அவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். கிருமி என்றார். பரிசோதனையில் கிருமி இல்லை. வேறு மாத்திரை, வேறு பரிசோதனை, ஸ்கேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று காகிதம் வந்தது. நன்றாக இருக்கிறது என்று எழுதிய காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நான் கழிவறை வாசலில் நின்றேன்.

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'வீட்டில் பேசும் மொழி' என்ற கட்டத்தில் நான் பெருமையாகத் தமிழ் என்று எழுதியிருந்தேன். பெரிய ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கப் போன அன்று, எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று அவர்களே தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்துவிட்டார்கள். மேஜை மேல் ஒலிபெருக்கி வைத்த போன். அதிலிருந்து ஒரு பெண் குரல்.

"வணக்கம் அண்ணா. டாக்டர் கேக்குறாங்க, வலி எங்க இருக்கு? தாம்பத்யத்துக்கு அப்புறம் கூடுதலா இருக்கான்னு கேக்குறாங்க."

என் தங்கை வயதுதான் இருக்கும். திருச்சிப் பக்கத்துப் பேச்சு. அண்ணா என்கிறாள். நான் என்ன செய்வேன்? "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. இப்ப சரியாயிருச்சு" என்றேன்.

"எல்லாமே சரியாயிருச்சுங்களா அண்ணா?"

"எல்லாமே சரியாயிருச்சு."

அவள் அதை அட்சரம் பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். டாக்டர் மகிழ்ச்சியாகக் கை குலுக்கினார். 'நோய் குணமானது' என்று என் கோப்பில் ஏறிவிட்டது. அதை இறக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் வெட்கமில்லாமல் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். ஆங்கிலத்தில் எனக்கு அம்மாவும் இல்லை, தங்கையும் இல்லை.

3

இதற்கிடையில் ஊரில் ஒரு காரியம் எனக்காகக் காத்துக் கிடந்தது.

என் தங்கை செல்விக்கு 2000-த்தில் பெண் குழந்தை பிறந்தது. அபிநயா. மூன்று வயதுக்குள் குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். செல்விக்கு நான் ஒரே அண்ணன்.

கோயில், பேரையூரைத் தாண்டி எங்கள் பூர்வீக ஊரில், கண்மாய்க் கரையில் இருக்கிறது. மதுரையிலிருந்து வேனில் இரண்டு மணி நேரம். அங்கே போய் மொட்டை, பூஜை, காது குத்து என்று மனையில் அசையாமல் இரண்டு மணி நேரம். அதற்கு முன்னால் விமானத்தில் ஒரு நாள். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, எங்கெங்கே கழிப்பறை இருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பேன். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் கட்டணக் கழிப்பிடம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"விசா ஸ்டாம்பிங் ரொம்பக் கஷ்டம் செல்வி. வந்தா திரும்பி விட மாட்டான்" என்றேன். அந்த நாட்களில் எல்லோரும் நம்பக்கூடிய பொய் அது. இரண்டு வருடம் அந்தப் பொய் எனக்குச் சோறு போட்டது. ஒவ்வொரு முறை போனை வைத்ததும் சாந்தி, "இன்னும் எத்தனை நாளைக்குங்க விசா?" என்பாள். நான் எழுந்து கழிவறைக்குப் போய்விடுவேன். அதுவும் நிஜமாகவே வரும்.

2003 தீபாவளிக்குச் செல்வி போன் செய்தாள்.

"அண்ணே, புள்ளைக்கு நாலு வயசாகப் போகுது. வர்ற ஆனி மாசத்துக்கு நீ வரலைன்னா, சித்தப்பா மகன் முருகன் மடியில ஒக்கார வச்சுக் குத்திருவாக. எங்க மாமியா முடிவாச் சொல்லிட்டாக."

"அவசரப்படாத செல்வி..."

"நான் எங்கண்ணே அவசரப்படுறேன்? அவ பள்ளிக்கூடத்துல எல்லாப் புள்ளையும் கம்மல் போட்டுருக்கு. 'எனக்கு மாமா இல்லையாம்மா'ன்னு கேக்குறா. நான் என்ன சொல்ல?"

அந்த வாரமே டாக்டரிடம் போய், தமிழ் வேண்டாம், ஆங்கிலம் போதும் என்று எழுதிக் கொடுத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். அவர்தான் டோரதியிடம் அனுப்பினார்.

4

டோரதிக்கு அறுபது வயது இருக்கும். நரைத்த தலை, வெள்ளை ஷூ. காத்திருக்கும் அறையில் நாலு கர்ப்பிணிகளும் நானும். சுவரில் குழந்தைப் படங்கள். உள்ளே கூப்பிட்டு, கையுறை போட்ட விரலால் உள்ளே தொட்டுப் பார்த்துத்தான் எந்தத் தசை இறுகியிருக்கிறது என்று சொல்ல முடியும் என்று நிதானமாக விளக்கினார். ஆண் யாராவது இருக்கிறாரா என்று கேட்டேன். இந்த வட்டாரத்திலேயே இல்லை என்றார். காருக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனி மாதத்துக்கு ஏழு மாதம் இருந்தது. திரும்பிப் போனேன்.

முதலில் அவர் பார்த்தது என் அரைஞாண் கயிற்றை. எதற்கான மருத்துவச் சாதனம் என்று கேட்டார். கறுப்புக் கயிறுதான், ஊரில் எல்லோரும் கட்டுவோம் என்றேன். எதற்கு என்றார். எனக்கே தெரியவில்லை. பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தச் சொல்லிவிட்டு, கயிற்றை விட்டுவிட்டார்.

தசையின் இறுக்கத்தைக் கோடாகக் காட்டும் ஒரு கருவி இருந்தது. "இறுக்குங்கள்" என்றார். கோடு மேலே போனது. "இப்போது விட்டுவிடுங்கள்." கோடு பாதி இறங்கி அங்கேயே நின்றது. "விட்டுவிடுங்கள்" என்றார் மறுபடி. விட்டுவிட்டேன் என்றேன். "இல்லை" என்றார் டோரதி. "நீங்கள் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியவில்லை." இணையத்தில் பார்த்து, ஒரு நாளைக்கு முந்நூறு தடவை இறுக்கும் பயிற்சி செய்துவருகிறேன் என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். டியூஷனில் படித்த புத்தி. நூறு போட்டால் பாஸ், முந்நூறு போட்டால் முதல் மார்க். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏற்கெனவே இறுகிக் கிடந்ததை நானே இன்னும் இறுக்கியிருக்கிறேன்.

வாராவாரம் போனேன். வயிறு உப்பி இறங்கும்படி மூச்சு விடுவது. தண்ணீரை ஒழுங்காகக் குடிப்பது. வந்தாலும் வராவிட்டாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஓடாமல் இருப்பது. குதிகால் தரையில் பட முழுதாகக் குத்தவைத்து உட்கார்ந்து மூச்சு விடுவது. இந்தக் கடைசிப் பயிற்சியை நான் செய்ததும் டோரதி அசந்துபோனார். அவரிடம் வருகிறவர்கள் அப்படி உட்கார ஆறு மாதம் ஆகுமாம். கூச்சத்தோடு எங்கள் ஊர்க் கழிப்பறையைப் பற்றிச் சொன்னேன். "நல்ல ஊர்" என்றார்.

அப்புறம் ஒரு நாள் கேட்டார்: "எந்த வயதிலிருந்து அடக்குகிறீர்கள்?"

5

நல்ல ஊர் என்று டோரதி சொன்னது எனக்குள் கிடந்து உறுத்தியது. அவரிடம் ஊர்க் கதையில் பாதியைத்தான் சொல்லியிருந்தேன்.

பேரையூர்ப் பக்கத்தில் எங்கள் ஆட்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அடுத்தவர் காட்டில் கூலி வேலை. வயல் அடுத்தவருடையது, வரப்பு அடுத்தவருடையது, ஓடைக்கரையும் யாரோ ஒருவருடையது. பகலில் ஒதுங்கினால் விரட்டுவார்கள். கல்லெறிந்ததும் உண்டு. ஆம்பளைகள் எப்படியோ சமாளித்தார்கள். பெண்கள் விடிவதற்கு முன்னால் ஒருமுறை போவார்கள், அப்புறம் பொழுது சாய்ந்த பிறகுதான். நடுவில் பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் களையெடுப்பார்கள். என் அம்மா தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. தாகமில்லை என்பாள். சின்னப் பையனாக நானும் அதை நம்பினேன்.

அப்பாவுக்கு மில் வேலை கிடைத்து மதுரைக்கு வந்தோம். லைன் வீடு. பதினொரு குடித்தனத்துக்கு ஒரு கக்கூஸ். வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே போனால் இருபது எண்ணுவதற்குள் கதவைத் தட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் அதுவும் கிடையாது. நான் முதல் பெஞ்ச்சில் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்தே பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, இன்ஜினியர் ஆகி, அமெரிக்கா வரை வந்துவிட்டேன். கெட்டிக்காரன் என்றார்கள். அடக்கத் தெரிந்தவன், அவ்வளவுதான்.

என் மகள் நிலாவுக்கு இது ஒன்றும் புரியாது. அவள் வகுப்பில் கையைத் தூக்கினால் போகலாம். நெடுஞ்சாலையில் போகும்போது பின் சீட்டிலிருந்து, "அப்பா, இன்னும் இருபது மைலுக்குக் கழிப்பறை இல்லை. இப்போதே போய்விடு" என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வாள், மழை வருகிறது என்று சொல்கிற மாதிரி. அவளுடைய தமிழ் 'சரி', 'வேணாம்' என்று தேய்ந்துபோய்விட்டது. ஊரிலிருக்கும் என் அம்மாவோடு போனில் அந்த இரண்டு சொல்லை வைத்தே ஒப்பேற்றுகிறாள். அதற்காக நான் வருத்தப்படுகிறேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவளைப் பார்த்து எனக்குப் பொறாமை.

6

2004 ஆனியில் சாந்தி, நிலாவோடு ஊருக்குப் போனோம். விமானத்தில் மூச்சு விட்டுக்கொண்டே போனேன். மாட்டுத்தாவணியில் இறங்கியதும் செல்வி ஓடி வந்து கையைப் பிடித்தாள். "இரு செல்வி, வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கட்டணக் கழிப்பிடத்துக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. அபிநயா அவள் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னைப் பார்த்தாள். நாலு வயதுப் பிள்ளையைப் போட்டோவில் மட்டும் பார்த்திருக்கிற மாமன், வேறெப்படி இருக்கும்?

காது குத்து அன்று காலையில் நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. கண்மாயில் தண்ணீர் இல்லை. கரையெல்லாம் வேலிக்கருவை. அபிநயாவை மடியில் வைத்துக்கொண்டு மனையில் உட்கார்ந்தேன். மொட்டை முடிந்து, குளிப்பாட்டி, சந்தனம் பூசி, புதுச் சட்டை போட்டு மறுபடி என் மடியில் வைத்தார்கள். பூசாரி வர நேரமானது. ஒன்றேகால் மணி நேரம் ஓடிவிட்டது. எனக்குக் கீழே முணுமுணுவென்று ஆரம்பித்தது. மூச்சை வயிற்றுக்குள் இறக்கினேன். தாங்கியது. எனக்கே நம்ப முடியவில்லை. இன்னும் அரைமணி என்றாலும் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. ஆசாரி கம்பியைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

அப்போது அபிநயா என் காதருகில் வாயை வைத்தாள். அவள் என்னிடம் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"மாமா. ஒண்ணுக்கு வருது."

நான் வாய் திறப்பதற்குள் செல்வியின் மாமியார் கேட்டுவிட்டார். "செத்த நேரம் பொறுடி. காதக் குத்துனதும் போகலாம்."

"இப்ப வருது அப்பத்தா."

"அடக்கு. பொம்பளப் புள்ள, இப்பயிருந்தே அடக்கிப் பழகணும்ல?"

நல்ல மனுஷி அவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவரிடம் யார் சொன்னார்களோ, அதைத்தான் அவரும் சொன்னார். ஆனால் என் உள்ளங்கை அந்தப் பிள்ளையின் வயிற்றின் மேல் இருந்தது. அடக்கு என்றதும் அந்தச் சின்ன வயிறு இறுகியது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அவர் மேல் இல்லை. யார் மேல் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

"தம்பி! மனைய விட்டு எந்திரிக்கக் கூடாது!"

"மச்சான், ஒக்காருங்க, பத்தே நிமிசம்தான் இருக்கு" என்றார் செல்வியின் வீட்டுக்காரர். சித்தப்பா மகன் முருகன் பந்தலோரத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்தான். நான் விட்டால் அவன் உட்காருவான். அதுவும் எனக்குத் தெரிந்தது.

"அவளுக்கு ஒண்ணுக்கு வருது அத்தை" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "எனக்கும் வருது. மூணு வருசமா எனக்கு இதுதான் சீக்கு. அடக்கி அடக்கி வந்த சீக்கு. இதுக்கு ஒரு பொம்பள டாக்டரம்மாகிட்ட ஆறு மாசம் வைத்தியம் பாத்துட்டுத்தான் வந்துருக்கேன். ரெண்டு பேரும் போயிட்டு வாரோம். அதுவரைக்கும் அந்த மனையில யாரும் ஒக்காரக் கூடாது."

அறுபது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒரு பையன் சிரித்தான். நான் கருவை மரத்தை நோக்கி நடந்தேன். காது இரண்டும் சுட்டது. செல்வி பின்னாலேயே ஓடி வந்தாள். அவள் பிள்ளையை வாங்கி ஒரு செடிக்குப் பின்னால் கொண்டுபோக, நான் இன்னொரு செடிக்குப் பின்னால் போனேன்.

திரும்பி வரும்போது செல்வி கேட்டாள். "அப்ப விசா?"

"பொய்."

"பொய்யா?"

"வெக்கமா இருந்துச்சு செல்வி."

அவள் நின்றுவிட்டாள். "எங்க கல்யாணத்துல இவுக வீட்டாளுக ஒன்னைய மதிக்கலைன்னு ஒனக்குக் கோவம்னு நெனச்சேன். அதான் எம்புள்ளைய மடியில வைக்க வரமாட்டேங்குறன்னு. மூணு வருசமா அதையே நெனச்சு அழுதுருக்கேண்ணே." என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். நன்றாக வலித்தது. அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வா, வந்து ஒக்காரு. ஒன்னைய விட்டா வேற யாரு?" என்றாள்.

மனை காலியாகத்தான் இருந்தது. முருகன் அதன் பக்கத்தில் நின்று காவல் காத்துக்கொண்டிருந்தான். நல்ல நேரம் நாலு நிமிடம் தாண்டிவிட்டது என்றார்கள். ஆசாரி கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். அபிநயா இரண்டு காதுக்கும் ஊரைக் கூட்டி அழுதாள், என் சட்டையைப் பிடித்துக்கொண்டு. செல்வியின் மாமியார் சாப்பாட்டுப் பந்தி வரை என்னோடு பேசவில்லை. பந்தியில் அவரே வந்து எனக்கு இரண்டாவது சொம்பு தண்ணீர் வைத்துவிட்டுப் போனார்.

7

மத்தியானம் வேனில் மதுரைக்குத் திரும்பினோம். அம்மா டிரைவருக்கு நேர் பின்னால் முதல் வரிசையில் இருந்தாள். காலையிலிருந்து என்னிடம் அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெற்ற பிள்ளை ஊர்ச் சபையில் அப்படிப் பேசியது அவமானமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தபடி அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

திருமங்கலத்துக்கு முன்னால், சாலையின் இரண்டு பக்கமும் பொட்டல். அம்மா டிரைவரின் தோளைத் தொட்டாள்.

"எய்யா, வண்டிய ஓரமா நிப்பாட்டு."

"என்னம்மா, கோயில்ல எதையும் விட்டுட்டீங்களா?"

"இல்லப்பா. ஒண்ணுக்குப் போகணும்."

வேனில் இருந்த எல்லோரும் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நிலா மட்டும், பாட்டிக்குத் துணைக்குப் போகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் செருப்பை மாட்டினாள். அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. எத்தனையோ பஸ், லாரி, மாட்டு வண்டியில் அவளோடு போயிருக்கிறேன். அவள் ஒரு வண்டியை நிறுத்தச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

டிரைவர் உடனே நிறுத்திவிட்டார். கேட்டதும் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.